திணை கடக்கும் மீன்: கோதையாற்று விலாங்கும் அதன் பெயர்களும்

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த நம் முன்னோர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களையும் வகுத்தனர். தெய்வம் முதல் யாழ் ஈறாகத் தொல்காப்பியம் அடுக்கிச் செல்லும் அவ்வரிசையில் மீனுக்கெனத் தனியிடம் இல்லை. எனினும் சுறா என்றதும் நெய்தலும், வாளை என்றதும் மருதமும் நம் நினைவில் எழுகின்றன. சங்கப் பாடல்களில் மீன் தன் நிலத்தைவிட்டு அகலுவதில்லை. கடல்மீன் கடலிலும், வயல்மீன் வயலிலும், மலைச்சுனை மீன் சுனையிலுமே காணப்படும்.

இவ்வொழுங்கிற்குள் அடங்காத மீன் ஒன்று உண்டு. அது கடலிற் பிறக்கிறது, கழிமுகத்தில் நுழைகிறது, வயலோரம் வளர்கிறது, அருவிப் பாறையில் ஊர்ந்து மலைக்கும் ஏறுகிறது. நெய்தலும் மருதமும் குறிஞ்சியும் அதன் ஒரே வாழ்வின் மூன்று பருவங்கள். அதுவே விலாங்கு. குமரி மாவட்டத்தில் திற்பரப்பு அருவியாக வீழ்ந்து தேங்காய்ப்பட்டணத்தில் கடலோடு கலக்கும் கோதையாற்றை முன்னிறுத்தி, இம்மீனையும் இதனோடு உருவொத்த சில மீன்களையும், அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. உயிரியல் மாணவர்க்கு உரிய பொருளைத் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பெயரை ஆராய்வார் பெயர்க்குரிய பொருளையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே விடை.

ஆறும் அதன் வழியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் தோன்றும் கோதையாறு பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைக் கடந்து திற்பரப்பை அடைகிறது. அங்கே ஏறக்குறைய 50 அடி உயரத்திலிருந்து ஆறு அருவியாகக் குதிக்கிறது. அருவிக்கு மேலே ஆற்றுப்படுகை முழுவதும் ஒரே பாறை. அப்பாறைப் பரப்பு ஏறத்தாழக் கால் கிலோமீட்டர் தொலைவு நீண்டு, வயல்களுக்கு நீர் திருப்பக் கட்டப்பட்ட தடுப்பணையில் முடிகிறது. ஆற்றங்கரையில் மகாதேவர் கோயில் உள்ளது. சிவராத்திரிக் காலத்துச் சிவாலய ஓட்டத்தில் அடியார்கள் ஓடிவரும் பன்னிரு கோயில்களுள் அதுவும் ஒன்று. அருவியைக் காண வருவோர் பெருந்திரளினர். அப்பாறையின் ஈரத்தில் விரல் நீளமேயுள்ள உயிரொன்று இரவில் மேலேற முயலும் என்பதை அவருள் நினைப்பார் மிகச் சிலரே.

திற்பரப்புக்குக் கீழே, திருவட்டாற்றை அடுத்த மூவாற்றுமுகத்தில் பரளியாறு வந்து சேர்கிறது. அதன் பின்னர் ஆறு குழித்துறையாறு என்றும் குழித்துறைத் தாமிரபரணி என்றும் பெயர் பெறுகிறது. நெல்லைச் சீமையின் பொருநை வேறு. இது மேற்குநோக்கி ஓடி அரபிக்கடலில் விழுவது. கடலோடு கலக்குமிடத்தை இப்பகுதி மக்கள் பொழிமுகம் என்பர். பொழிமுகத்தின் ஒருபுறம் தேங்காய்ப்பட்டணம், மறுபுறம் இரையுமன்துறை. கோடையில் மணல்திட்டு வாயை அடைக்கும். மழைவெள்ளம் அதனை உடைத்துத் திறக்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டாலும் நனையும் மாவட்டமாதலின் வாய் திறக்கும் வாய்ப்பும் இருமுறை வாய்க்கிறது. விலாங்கின் வரலாற்றில் இதற்கு முதன்மையான இடம் உண்டு.

பாம்புருவும் பல குடியும்

பாம்பைப்போல் நீண்ட மீன்களையெல்லாம் ஒரே இனமாகக் கருதுவது பொதுவழக்கு. இலத்தீன மொழியில் விலாங்கைக் குறிக்கும் அங்குவில்லா என்னும் சொல், பாம்பைக் குறிக்கும் அங்குவிஸ் என்னும் சொல்லோடு உறவுடையது. பாரசீகர் அதனை மார்மாஹி என்றனர்; மார் என்பது பாம்பு, மாஹி என்பது மீன். தமிழரோ, பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கு எனப் பழமொழி வகுத்து, இருபுறமும் ஒட்டி வாழ்வாரை அதனால் இடித்துரைத்தனர். மீனின்மேல் ஏற்றப்பட்ட இப்பழி பொருந்தாதது என்பதே என் கருத்து. அதன் இருமை வஞ்சகம் அன்று. உப்புநீரும் நன்னீரும் ஆகிய இரண்டும் இன்றி அதற்கு வாழ்வே இல்லை.

உருவம் ஒத்திருப்பினும் இம்மீன்கள் பல குடியின. கோதையாற்று வழியில் கடலிலிருந்து தொடங்கினால், முதலில் எதிர்ப்படுவது கடற்பாறை இடுக்குகளில் தலைமட்டும் நீட்டிக் கிடக்கும் அஞ்சாலை. அது முழுக்க முழுக்கக் கடலுக்குரியது; கூரிய பல்லுடையது; வலைஞர் அஞ்சிக் கையாள்வது. ஆழ்ந்த நீரில் வாழ்ந்து இழுவலையில் அகப்படும் பெரிய கடல்விலாங்கு வேறொரு குடி. இரண்டும் ஆற்றில் ஏறி வாழ்வன அல்ல.

கழிமுகச் சேற்றில் வாழும் மீன்களைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். உளுவை இனத்தைச் சேர்ந்த சில சிறு மீன்கள் பாம்புருவம் பெற்றுச் சேற்றில் வளை தோண்டி வாழ்கின்றன. நம் நாட்டுக் கடலோரங்களிலும் கழிமுகங்களிலும் இவை உண்டு. ஒரு சாண் நீளமே உடையவை. செந்நிறம் அல்லது ஊதா கலந்த நிறத்தவை. கண்கள் தோலுக்குள் புதைந்து கடுகளவாகச் சுருங்கியவை. இருண்ட சேற்றில் வாழ்வதற்குக் கண் எதற்கு? முதுகுத் துடுப்பும் வால் துடுப்பும் ஒன்றாக இணைந்து விலாங்கெனத் தோன்றினும், மார்பின் கீழே உள்ள துடுப்பு இவை உளுவை என்பதைக் காட்டிக்கொடுக்கும். விலாங்கிற்கு வயிற்றுத் துடுப்பே கிடையாது. வளையிலும் இடுக்கிலும் புகுந்து வாழ வேண்டிய உயிர்க்கு நீண்ட உடலே ஏற்றது. ஆகவேதான் தொடர்பற்ற குடிகள் பலவும் இவ்வுருவை அடைந்தன.

நன்னீரில் ஏறியதும் ஆரல் எதிர்ப்படுகிறது. தமிழ் மாணவர்க்கு இது மிக நெருங்கிய மீன். குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் காட்டும் தலைவிக்கு, களவில் தலைவன் மணந்த நாளில் சான்றாக நின்றது ஒரு குருகு மட்டுமே. அக்குருகும் ஓடும் நீரில் ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைவியின் துயரம் முழுவதும் அப்பார்வையில் அடங்கியுள்ளது: இருந்த ஒரே சான்றும் தன் இரையில் கண்ணாயிருந்தது. ஆரலின் இயல்பை அறிந்தவர்க்கு இக்காட்சி மேலும் தெளிவாகும். பகலில் மணலுள் புதைந்து, கூர்த்த மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் கிடப்பது அதன் வழக்கம். அதனைப் பிடிக்க விரும்பும் குருகு நெடுநேரம் அசையாது கண்வைத்து நிற்க வேண்டும். வேறெதையும் அது பார்த்திருக்க இயலாது. கபிலர் வேறொரு மீனைத் தேர்ந்திருப்பின் இப்பொருள் இத்துணை இறுக்கமாக அமைந்திராது.

இச்சொல் கடல் கடந்த வரலாறும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடியில் பணியாற்றிய சமயத்தொண்டர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், சோழமண்டலக் கரையின் மீன்களைப் பதப்படுத்திப் பெர்லினிலிருந்த புளோக் என்னும் அறிஞர்க்கு அனுப்பிவந்தார். புளோக் 1799இல் மறைந்தபின் அவர்தம் நூலை ஷ்னைடர் என்பார் 1801இல் நிறைவுசெய்து வெளியிட்டார். அந்நூலில் இம்மீனுக்கு ஆரல் என்னும் தமிழ்ச்சொல்லே சிறப்புப் பெயராக இடப்பட்டது. இன்றும் உலகெங்கும் உயிரியலார் இதனை மாக்ரோக்னாத்தஸ் ஆரல் என்றே எழுதுகின்றனர். கபிலர் வாய்மொழி இலத்தீனப் பெயருள் இருப்பதை நம் மாணவர் பலர் அறியார்.

ஆரலின் முதுகில் முட்கள் தனித்தனியே நிற்கும். அது பிறப்பதும் இறப்பதும் நன்னீரிலேயே. விலாங்கிற்கு அம்முட்கள் இல்லை. அது பிறக்கும் இடமும் ஆறு அன்று.

மலங்கும் விலாங்கும்

விலாங்கைக் குறிக்கும் பழஞ்சொல் மலங்கு. புறநானூற்றின் 61ஆம் பாடலில், உழத்தியர் நெய்தலையும் ஆம்பலையும் களையாகப் பறிக்கும் வயலில் மலங்குகள் புரள்கின்றன. சோழநாட்டு வளம் கூறும் இடம் அது. மலங்குதல் என்னும் வினைக்குக் கலங்குதல், குழம்புதல் எனப் பொருள் உண்டு. சேற்றைக் கலக்கி நெளிவதனால் இப்பெயர் வந்ததோ என எண்ண இடமுண்டு. எனினும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு முடிவு கூறுதல் தகாது. மலையாளத்தில் இதனை மலஞ்ஞில் என்பர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூரோடும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் இருமொழிச் சொற்களும் கலந்து வழங்குவது இயல்பு. தமிழ்நாட்டின் பொதுவழக்கில் மலங்கு அருகி விலாங்கு நிலைத்துவிட்டது. புறநானூற்றுச் சொல்லின் உறவு மலையாளத்தில் இன்றும் உயிரோடிருப்பது கருதத்தக்கது.

நம் நாட்டு ஆறுகளில் காணப்படும் விலாங்கு பெரும்பாலும் இருவகை. ஒன்று பழுப்பு மேனியில் கரும்புள்ளி விரவியது. அங்குவில்லா பெங்காலென்சிஸ் எனப்படுவது. ஒரு மீட்டருக்கு மேலும் வளர்வது. மற்றொன்று புள்ளியின்றி ஒரேநிறமாக இருப்பது. அங்குவில்லா பைகலர் எனப்படுவது. புள்ளி விலாங்கின் முதுகுத் துடுப்பு முன்னமே தொடங்கும். மற்றதன் துடுப்பு எருவாய்க்கு நேராகத் தொடங்கும். சந்தையில் இவ்வேறுபாட்டை எவரும் கருதுவதில்லை. இறைச்சி சுவையுடையது, மருந்தாகும் என்று நம்பி உண்பாரும் உளர். ஆனால் அதன் பச்சைக் குருதி நச்சுத்தன்மை உடையது. சமைத்தால் நஞ்சு நீங்கும். அறுப்பவர் கண்ணிலும் கைப்புண்ணிலும் படாதவாறு காத்தல் நன்று.

எங்கே பிறக்கிறது?

விலாங்கின் வயிற்றில் சினையைக் கண்டவர் இல்லை. இதனால் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அது சேற்றிலிருந்து தானே தோன்றுவது எனக் கருதினார். ஈராயிரம் ஆண்டுகள் இவ்வையம் தீரவில்லை. உளவியல் அறிஞராகப் பின்னாளில் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டு, மாணவராயிருந்த 1876இல் திரியெஸ்த் நகரில் ஏறத்தாழ 400 விலாங்குகளை அறுத்து ஆண் உறுப்பைத் தேடினார். உறுதியான விடை கிடைக்கவில்லை. மனித மனத்தின் இருளைத் துருவியவர் அதற்குமுன் விலாங்கின் வயிற்றைத் துருவித் தோற்றார் என்பது சுவையான செய்தி.

அதற்கு முன்னரே, 1856இல், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் இலைவடிவச் சிறு கடல்மீன் ஒன்றைத் தனியினமாகக் கருதிப் பெயரிட்டிருந்தனர். அது தனியினம் அன்று, விலாங்கின் இளம்பருவமே என்பதை 1896இல் இத்தாலிய அறிஞர் கிராசியும் கலந்திருச்சியோவும் மெய்ப்பித்தனர். அவ்விலைக் குஞ்சுகள் எங்கே மிகச் சிறியனவாக உள்ளனவோ அங்கேதான் விலாங்கு ஈனுகிறது என்னும் எளிய தருக்கத்தைக் கொண்டு டென்மார்க்கின் யோகான்னஸ் ஷ்மித் பல்லாண்டுகள் கடலை வலைகொண்டு அரித்தார். ஐரோப்பிய விலாங்கு அத்திலாந்திக்கின் சர்காசோ கடலில் ஈனுகிறது என 1922இல் அறிவித்தார். சப்பானிய விலாங்கின் முட்டைகளையே மரியானா தீவுகளுக்கு மேற்கே 2009இல் அந்நாட்டு ஆய்வாளர் எடுத்தனர். இந்தியப் பெருங்கடலில், 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய டானா என்னும் டேனிய ஆய்வுக்கப்பல் சுமத்திராத் தீவுக்கு மேற்கே இளங்குஞ்சுகளைப் பெற்றது. அதனைக் கொண்டு, நம் பக்கத்து விலாங்குகளும் அவ்வாழ்கடலிலிருந்து வருவனவாகலாம் என ஆய்வாளர் கருதினர். திற்பரப்பில் தூண்டிலில் சிக்கும் ஒரு விலாங்கு எந்நீரில் கருவுற்றது என்பதை இதுவரை எவரும் நேரிற் கண்டதில்லை.

ஏற்றமும் இறக்கமும்

இலைக்குஞ்சு கடலோட்டத்தில் மிதந்து கரையை நெருங்கும்போது உருமாறுகிறது. இலை சுருண்டு நூலாகிறது. உடல் இன்னும் கண்ணாடியே. கண்கள் இரண்டும் கரும்புள்ளிகளாகத் தெரியும். நீளம் மூன்று விரற்கடை. ஆற்றுநீரின் மணத்தை உணர்ந்து பொழிமுகத்தில் நுழைந்தபின் மெல்ல நிறம் ஏறும். பகலில் கல்லிடுக்கிலும் வேரடியிலும் ஒளிந்து, இரவில் கரையோரமாக ஏறும். பொழி அடைபட்டிருந்தால் வெளியே காத்திருத்தல் அன்றி வேறு வழியில்லை. வெள்ளம் வாயைத் திறக்கும் நாளே அதற்கு நன்னாள்.

இக்குஞ்சுகள் நீரை எதிர்த்து அருவியில் தாவுவதில்லை. அருவியின் ஓரத்தில், பாசி படிந்து நீர் கசியும் பாறையில் உடலை ஒட்டிக்கொண்டு ஊர்கின்றன. உடல் சிறிதாகவும் ஈரமாகவும் இருக்கும்வரை நீரின் ஒட்டும் தன்மையே அவற்றைத் தாங்கும். ஏறக்குறையச் செங்குத்தான பாறையும் தடையன்று. தோலாலும் மூச்சு வாங்கவல்லவை ஆதலின் நீரைவிட்டுச் சற்று விலகினாலும் மாள்வதில்லை. கைந்நீளம் வளர்ந்துவிட்டால் எடை கூடி இவ்வாற்றல் குறைந்துவிடும். ஆகவே மலையேறும் வாய்ப்பு இளமையிலேயே உண்டு. திற்பரப்பின் 50 அடிப் பாறை இவற்றிற்கு அரிய ஏற்றமே. ஆயினும் இயற்கை அமைத்த சொரசொரப்பும் கசிவும் பாசியும் அங்கே உண்டு.

ஏறியவை ஆற்றிலும் குளத்திலும் வாய்க்காலிலும் தங்கி, நண்டு, இறால், சிறுமீன், புழு ஆகியவற்றை உண்டு பல ஆண்டுகள் வளர்கின்றன. பின்னர் ஒரு மழைக்காலத்து இருண்ட இரவில் இறங்கத் தொடங்குகின்றன. அதற்குமுன் கண்கள் பெருக்கின்றன; வயிற்றுப்புறம் வெண்மை ஏறுகிறது; குடல் சுருங்குகிறது; இரை நின்றுவிடுகிறது. உடற்கொழுப்பே கட்டுச்சோறு. ஆழ்கடலை அடைந்து ஒருமுறை ஈன்று மடிவதே அதன் முடிவு. ஆற்றிலிருந்த காலத்தில் சினை முதிர்வதே இல்லை. அரிஸ்டாட்டில் மயங்கியதற்கும் பிராய்டு தேடிக் களைத்ததற்கும் அடிப்படை இதுவே.

அணையும் விலாங்கும்

கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் முடிக்கப்பட்டது. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் அதனைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை இன்றும் அணைப்பகுதியில் உள்ளது. நாஞ்சில்நாட்டு நெல்வயல்கள் இவ்வணையை நம்பி வாழ்வன. அணை வேண்டாம் என்று எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சோறுண்பார் எவரும் அவ்வாறு எழுதார். ஆனால் அணை கட்டியோர் கணக்கில் விலாங்கு இல்லை என்பதையும் மறுக்க இயலாது. நெடிதுயர்ந்து உலர்ந்து நிற்கும் அணைச்சுவரில் குஞ்சு ஏறாது. ஆகவே மேலே உள்ள மலையாற்றுப் பகுதிக்குக் கடலிலிருந்து புதிய தலைமுறை செல்வது நூறாண்டுக்கு மேலாக அரிதாயிற்று. அங்கு விலாங்கு குறைந்தால் அதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

கீழேயும் தடைகள் பெருகின. குழித்துறையில் ஆற்றின் குறுக்கே சப்பாத்து உண்டு. கடல்நீர் ஏறிக் குடிநீர் உவர்ப்பதைத் தடுக்கக் கழிமுகத்திற்கு மேலே பரக்காணியில் அண்மைக் காலத்தில் தடுப்பணை எழுந்தது. இவையும் மக்கட்குத் தேவையானவையே. தடுப்பணையின் தாழ்ந்த சுவரைக் குஞ்சு கடப்பதும் கடவாமையும் அதன் உயரத்தைவிட மேற்பரப்பைப் பொறுத்தது. மழமழப்பான சிமென்டுச் சரிவில் வேகமாக வழியும் நீரில் அதற்குப் பிடிப்பில்லை. ஓரத்தில் கல் பதித்துச் சொரசொரப்பாக விட்டு, சிறிது நீர் எப்போதும் கசியுமாறு செய்தால் ஏறிவிடும்.

ஐரோப்பிய நாடுகளில் இதற்கென விலாங்கேணிகள் அமைக்கின்றனர். தூரிகைபோன்ற நார்க்கட்டைகள் பதித்த ஒடுங்கிய சாய்தளத்தில் நீரைச் சொட்டவிடுவதே அதன் அமைப்பு, பெருஞ்செலவு பிடிப்பதன்று. அவர்களும் காலந்தாழ்ந்தே விழித்தனர். ஆற்றிலிருந்து கடலுக்குத் தப்பிச் செல்லும் முதிர்விலாங்குகளின் அளவு, மனிதத் தலையீடு இல்லாதிருந்தால் இருக்கக்கூடியதில் குறைந்தது 40 விழுக்காடாவது இருத்தல் வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் சட்டம் செய்தது. அதற்குள் ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பை எட்டியிருந்தது. நம் இருவகை விலாங்குகளும் அந்நிலையை இன்னும் அடையவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அவற்றை அச்சுறுநிலையை அண்மியவை என வகுத்துள்ளது. பண்ணையில் வளர்த்துக்கொள்ளலாமே என்பார்க்கு ஒன்று கூறவேண்டும். உலகின் விலாங்குப் பண்ணைகள் ஏறத்தாழ முழுவதும் கழிமுகத்தில் பிடித்த கண்ணாடிக் குஞ்சுகளைக் கொண்டே நடக்கின்றன. சப்பானியர் 2010இல் ஆய்வுக்கூடத்தில் விலாங்கின் வாழ்க்கைச் சுழலை முழுமையாக்கினர். ஆயினும் வாணிகம் இன்றும் கடலையே நம்பியுள்ளது.

தமிழ்த்துறை மாணவர் இதில் ஆற்றத்தக்க பணி ஒன்று உண்டு. வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்கச் செல்வோர் உழவுச்சொல், உறவுச்சொல் ஆகியவற்றோடு மீன்பெயரையும் கேட்டல் வேண்டும். இரையுமன்துறை, குழித்துறை, மூவாற்றுமுகம், திற்பரப்பு, பேச்சிப்பாறை என ஆற்றின் வழியே ஐந்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வோரிடத்தும் முதியவர் ஒருவரையும் இளைஞர் ஒருவரையும் அணுகி வினவலாம்: விலாங்கை இவ்வூரில் எப்பெயரால் அழைப்பீர்? அதன் குஞ்சுக்குத் தனிப்பெயர் உண்டா? அக்குஞ்சை எந்த மாதத்தில், எவ்விடத்தில் கண்டீர்? முதியவர் குஞ்சின் பெயரைச் சொல்லி இளைஞர் அதனை அறியாதிருப்பின், அச்சொல் அவ்வூரில் வழக்கிழந்ததா, அன்றிக் குஞ்சு ஏறுவதே நின்றுபோயிற்றா என்பதை ஆராய்தல் வேண்டும். பேச்சிப்பாறை அணைக்கு மேலும் கீழும் கிடைக்கும் விடைகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது முதலில் செய்யத்தக்கது. பருவமழை தொடங்கிப் பொழிமுகம் திறந்தபின் வரும் இருண்ட பக்கத்து இரவுகளில், கைவிளக்கோடு திற்பரப்பு அருவியின் ஓரப் பாறையைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து நோக்குவதும் இவ்வாய்வின் பகுதியே.